வீட்டை ஒழிச்சுப்போட்ட கதை

கேட்டது தன்னுடைய வாய்தானா என்று மாதேஸ்வரிக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. வாய்தான். அந்த அறையில் வேறு யாருக்கு அப்படி ஒரு 'வூடு' வரும். கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலியில் நடு இடம் அவளுக்கு. வலப்பக்கம் ராசக்கனியம்மா, இடப்பக்கம் நாடா கட்டிய கேஸ் கட்டு, அதுவும் ஒரு ஆள் மாதிரி சாய்ந்துகொண்டு. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் பெரிய நாற்காலி காலியாகக் கிடந்தது. "சாப்பிட்டு வந்து ஆர்டர் சொல்றேனுங்க, ரெண்டு தரப்பும் எங்கயும் போயிடாதீங்க" என்று கோட்டாட்சியர் எழுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. இப்போது ஒன்று இருபத்தைந்து. ஒரு மனுஷன் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும். ரசத்துக்கு வந்திருப்பார். இனி மோர். மோர் ஊற்றும்போது மனசு மாறிவிடக் கூடாது. எப்படி மாறும், சிரித்தாரே. சிரித்தவர் மாறலாம், கல்லூரியில் சிரித்துக்கொண்டே வைவாவில் எட்டு மார்க் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. அதற்கு முன்னால் அந்தக் கேள்வி. அதை மறுபடியும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், உதடு அசையாமல். இனித்தது. இனித்த கையோடு தொண்டையில் ஒன்று சிக்கியது, கேட்டேன் மேடம் என்கிற இரண்டு வார்த்தை, மூன்று வாரமாகச் சிக்கிக் கிடப்பது. அது போகவில்லை. ராசக்கனியம்மாவின் வீடு இருந்தாலும் போனாலும் அது அங்கேதான் இருக்கும் போல.

போகலாமா, அந்த வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் கொடுத்த வீட்டுமனைப் பட்டா. அதில் ஒரு நிபந்தனை, வாங்கியவர் அங்கேயே குடியிருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போனால் பட்டா ரத்து. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் தங்கப்பாண்டிக்கு முகூர்த்த நாளில் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. அந்தம்மா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டது, பட்டாவை ரத்துச் செய்யுங்கள் என்று மனுக் கொடுத்தார், கூடவே ஒரு போட்டோவும். ரத்தானபிறகு அந்த இடத்தைக் கேட்டு வாங்குவதற்கு அவருக்கு வழி தெரியும். நோட்டீஸ் வந்ததும் ராசக்கனியம்மா வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை, சட்டக் கல்லூரிக்கு வந்தாள். அங்கே புதன்கிழமைதோறும் சட்ட உதவி மையம். கடைசி வருஷப் பிள்ளைகள் மேஜை போட்டு உட்கார்ந்து வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவார்கள், மனுத் தயார் பண்ணுவார்கள். எல்லாவற்றையும் மெஹருன்னிசா மேடம் பார்த்துத் திருத்துவார், அவர் பதினெட்டு வருஷம் கோர்ட்டில் நிற்கிற வக்கீல். எழுதலாம், பேசக் கூடாது. விசாரணையில் பேசுவது மேடத்தின் வேலை, பிள்ளைகள் பின்னால் நின்று கேஸ் கட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதேஸ்வரிக்கு அது நல்ல ஏற்பாடாகவே இருந்தது. அவளுக்குக் குரல் சின்னது. வகுப்பில் வருகைப் பதிவுக்கு உள்ளேன் ஐயா சொன்னாலே இரண்டு தடவை கேட்பார்கள். எழுத்து அப்படியில்லை, எழுத்தில் அவள் பெரிய ஆள், நீட்டி முழக்கி எழுதுவாள், அந்த நீட்டலில்தான் இந்த அம்மாவின் வீடே கிட்டத்தட்டக் கவிழ்ந்தது.

"ஏ புள்ள, உங்க ஊர்ல வீட்டுக்கு வூடுன்னா சொல்லுவாவ?" ராசக்கனியம்மா கேட்டாள். அவள் கையில் அலுவலக வாசலில் கொடுத்த சீட்டு, அதைச் சுருட்டிப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பீடி சுற்றிய விரல், எந்தக் காகிதம் அகப்பட்டாலும் பீடியாக்கிவிடும். மையத்துக்கு வந்த முதல் நாளே நோட்டீஸின் ஓரத்தை அப்படி உருட்டி, ஜெபக்குமார் வாங்கி நீவிவிட வேண்டியதாயிற்று. "ஆமாங்கம்மா, வூடுதான் சொல்லுவோம், தருமபுரிப் பக்கம்." "நல்லாத்தான் இருக்கு. கேட்டதும் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்." "சிரிச்சீங்களா?" "நான் எங்க சிரிச்சேன், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டுக் கெடந்துச்சு. அந்த மண்டபத்துக்காரன் சிரிச்சான். பொறவு அவன் வக்கீலு மூஞ்சியப் பாத்து வாய மூடிக்கிட்டான்." தங்கப்பாண்டி வராந்தாவின் அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டு நின்றார், யாருக்கோ முகூர்த்தத் தேதி சொல்லிக்கொண்டு. தை பதினெட்டு, மாசி ஏழு. வண்டி நிறுத்த இடம் இருக்கா என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல, "அதெல்லாம் ஆயிரும், ஆயிரும்" என்றார். ஆகாது. ஆகக் கூடாது. அந்த அம்மாவின் அடுப்பு இருக்கிற இடத்தில் யாருடைய கார் டயரும் நிற்கக் கூடாது. இரண்டாம் முறை மனையை அளவெடுக்கப் போனபோது அந்த அடுப்படியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்திருக்கிறாள், ஒரே அறைதான், ஒரு மூலையில் பீடி இலைக் கட்டு, ஒரு மூலையில் சாமி, சுவர் அப்போதே நல்ல வெள்ளையாக இருந்தது. நல்ல வெள்ளை. அதைப் பார்த்தபோதாவது தோன்றியிருக்கக் கூடாதா. காப்பி நல்லா இருக்குங்கம்மா என்றுதான் தோன்றியது, எழுத்தில் பெரிய ஆளுக்கு.

அந்த முதல் புதன்கிழமை. அதைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாள், பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் பார்ப்பது போல. மையத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும், ஒருவர் கேட்பவர், ஒருவர் எழுதுபவர். அவளுக்கு ஜோடி ஜெபக்குமார், இந்த ஊர்க்காரன், வாய் ஓயாதவன். அவன் கேட்பான், அவள் எழுதுவாள். அன்றைக்கு ராசக்கனியம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் போன் வந்து வெளியே போனான். ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷத்தில் அந்தம்மா சொன்னாள், "நான் எங்கயும் போகலம்மா. போன பொங்கலுக்கு முந்தி வீட்ட ஒழிச்சுப்போட்டேன். ரெண்டு நாளு வெளியதான் படுத்தோம் நானும் என் மாமியாளும். அதப் போயி போட்டோ புடிச்சிருக்கான் அந்தப் பய." ஒழிச்சுப்போட்டேன். மாதேஸ்வரியின் பேனா நின்றது. அவள் ஊரில் ஒழி என்றால் சாபம். ஒழிஞ்சு போ என்பார்கள், சுவரில் ஒழிக என்று தார் பூசி எழுதியிருக்கும். வீட்டை எப்படி ஒழிப்பது. இடித்துவிட்டாளா. இடித்திருந்தால் இப்போது எங்கே இருக்கிறாள். கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி, ஒழிச்சுப்போட்டேன்னா என்னங்கம்மா. கேட்கவில்லை. ஏனென்றால் போன வருஷம் வாடகை வீட்டு நோட்டீஸைப் பற்றி அவள் வகுப்பில் பேசியபோது ஜெபக்குமார் பின் பெஞ்சிலிருந்து, "வூடு இல்ல மாதேசு, வீடு. வீ. உதட்டக் குவிக்காம சொல்லு பாப்போம்" என்றான், வகுப்பே சிரித்தது, அவளும்கூடச் சிரித்தாள், சிரித்துவிட்டு அன்றிலிருந்து இந்த ஊரில் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டாள். எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டுவாள். சாரத்தைச் சாரம் என்று தெரிந்துகொள்ளவே, அது ஆம்பிளைகள் கட்டுகிற கைலி என்று பிடிபடவே, நான்கு மாதம் ஆயிற்று. ஆகவே அன்றைக்கும் தலையாட்டினாள். நோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒழிச்சுப்போட்டேன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். ஜெபா வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான். ஜெபா வந்தான். கேட்டால் சிரிப்பான். கேட்கவில்லை. கேள்விக்குறி மட்டும் அங்கே நின்றது, கொக்கி மாதிரி, ஒன்றையும் மாட்டாத கொக்கி.

பிறகு சனிக்கிழமை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து விளக்க மனு எழுதினாள். என்ன ஒரு மனு. 'மேற்படி மனையில் நான் எனது மாமியாருடன் நாளது தேதி வரை வசித்து வரும் நிலையில்' என்று ஆரம்பிக்கும். அந்தக் கொக்கி வந்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு தானாக எழுதியது, 'பொங்கலுக்கு முன்பு வீட்டைக் காலி செய்துவிட்டேன்; இரண்டு தினங்களில் மீண்டும் குடியேறிவிட்டேன்.' அழகாக இருந்தது. அரைப்புள்ளிகூடப் போட்டிருந்தாள். அந்தம்மா வெளியே படுத்த இரண்டு நாள் எப்படி இரண்டு தினங்களில் மீண்டும் குடியேறியதாக ஆனது என்று கேட்டால், ஆனது, அவ்வளவுதான், ஒரு வார்த்தை விழுந்தால் அடுத்த வார்த்தை அதற்குத் துணைக்கு வந்துவிடுகிறது. திங்கள்கிழமை மேடம் படித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பென்சிலால் அந்த வரியில் தட்டினார். "இதென்ன, காலி செய்துட்டேன்னு இருக்கு? நமக்கு எதிராப் போகுமே. அவங்க இந்த வார்த்தையா சொன்னாங்க? கேட்டியா?" "கேட்டேன் மேடம்." எவ்வளவு சுலபமாக வந்தது. உள்ளேன் ஐயாவுக்கு வராத குரல் அதற்குத் தெளிவாக வந்தது. மேடம் அவளை ஒரு விநாடி பார்த்தார். "அப்ப இருக்கட்டும். கட்சிக்காரங்க சொன்னத நாம மாத்தக் கூடாது. ரெண்டு நாள்னு இருக்கு, பாத்துக்கலாம்." கட்சிக்காரங்க சொன்னதை நாம் மாற்றக் கூடாது. அது மையத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் உட்கார்ந்து மாற்றினாள். கையெழுத்துக்கு வந்தபோது ராசக்கனியம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினாள், அந்தம்மா ஒவ்வொரு வரிக்கும் பயபக்தியாகத் தலையாட்டினாள், கோயிலில் ஐயர் சொல்கிற மந்திரத்துக்கு ஆட்டுவது போல, முடிந்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஆக இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். இவள் சொன்னது புரியாமல் அவள், அவள் சொன்னது புரியாமல் இவள். நடுவில் ஒரு வீடு.

"புரியலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லம்மா, அன்னிக்கு வாசிச்சப்ப." இப்போது கேட்டாள், கேட்கும்போதே வெட்கமாக இருந்தது, யார் யாரைக் கேட்பது. ராசக்கனியம்மா சீட்டைக் காதில் செருகிக்கொண்டாள், நிஜமாகவே பீடி என்று நினைத்துவிட்டாளோ என்னமோ. "நீ அம்புட்டு அழகா வாசிச்ச. நடுவுல போயி நிறுத்துவாவளா? என் கேசுன்னாலும் கேக்க நல்லாருந்துச்சு. யாரோ பெரிய வீட்டுப் பொம்பளயப் பத்தி எழுதுன மாதிரி." மாதேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. ஒன்று முப்பத்தெட்டு. மோர் முடிந்திருக்கும். பழம் சாப்பிடுகிறவராக இருக்கும்.

காலையில் உள்ளே போனபோதுகூடப் பயம் இல்லை, பின்னால்தானே நிற்கப் போகிறோம். எதிர்த்தரப்பு வக்கீல் சோமநாதன் எழுந்தார். அவருக்கு வெண்கலக் குரல், மெதுவாகப் பேசினாலே ஜன்னல் கம்பி அதிரும். போட்டோவை நீட்டினார், வாசலில் தட்டுமுட்டுச் சாமான், கட்டில், அரிசி டிரம், டிரங்குப் பெட்டி, கதவு திறந்து உள்ளே வெறும் அறை. "ஐயா, இந்தப் படம்கூட வேண்டாம், அவங்க விளக்கத்தையே பாருங்க" என்று ஆரம்பித்து அவளுடைய வரியை வாசித்தார். அவளுடைய வரியை. அந்த வெண்கலக் குரலில் அது எப்படி எழுந்து நின்றது. பொங்கலுக்கு முன்பு வீட்டைக் காலி செய்துவிட்டேன். அரைப்புள்ளிக்கு ஒரு இடைவெளிகூட விட்டார் மனுஷன். மீண்டும் குடியேறிவிட்டேன். "காலி செய்தாச்சு, நாங்க மனுக் கொடுத்தோம்னு தெரிஞ்சதும் திரும்பக் குடியேறியாச்சு. அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல." உட்கார்ந்துவிட்டார். கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார், அந்தப் பேனாவின் மூடி கழன்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ராசக்கனியம்மா திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தாள், "நான் எங்கய்யா போனேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். மேடம் திரும்பவில்லை. திரும்பாமலே, முதுகாலேயே, அவளைப் பார்த்தார். நோட்டு அவள் கையில்தான் இருந்தது. கேட்டேன் மேடம். கேட்டேன் மேடம். இந்த நிமிஷம் பேசாமல் நின்றால் ஒன்றும் ஆகாது. வீடு போகும், மேடம் மேல்முறையீடு என்பார், அந்தம்மா தலையாட்டுவாள், நாடாவைக் கட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடலாம், மார்க்குகூடக் குறையாது. யாருக்குத் தெரியும். நோட்டின் ஓரத்துக்குத் தெரியும். நகம் போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துவிட்டது. "மேடம், நான் கேக்கல" என்றாள். மேடத்தின் தோளுக்குப் பக்கத்தில் போய், காற்றுக்குச் சொல்வது போல. "என்னது?" "அவங்கள நான் கேக்கல மேடம். அந்த வார்த்தை என்னுது." மேடம் இப்போது திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தாள். மேடம் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், அந்த ஓரத்தைப் பார்த்தார், பார்த்ததும் அவர் முகத்தில் என்னமோ ஒன்று ஓடியது, அவர் இந்த ஊர்க்காரர் அல்லவா, நேராக நிமிர்ந்து, "ஐயா, இந்த விளக்கத்தத் தயார் பண்ணுன மாணவி இங்க இருக்கா. எங்க மேற்பார்வையிலதான் எழுதுனா, அந்தப் பொறுப்பு என்னுது. ஆனா தப்பு எங்கன்னு அவளே சொன்னா நல்லாயிருக்கும். அனுமதிக்கணும்" என்றார். கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்கம்மா."

சொன்னாள். என்ன சொன்னாள் என்பது கோவையாக நினைவில் இல்லை, துண்டு துண்டாகத்தான். ஐயா அவங்க காலி செய்தேன்னு சொல்லல. ஒழிச்சுப்போட்டேன்னு சொன்னாங்க. எனக்குப் புரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. நானா ஒரு வார்த்தை போட்டுட்டேன், அதுக்குத் தோதா இன்னொன்னும் போட்டுட்டேன். "சத்தமாச் சொல்லுங்க" என்றார் கோட்டாட்சியர். சத்தமாகச் சொன்னாள். வெக்கமா இருந்துச்சு என்பதை முழு அறைக்கும் கேட்கச் சொன்ன பிறகு வெட்கப்பட மிச்சம் எதுவுமே இல்லை, அதுதான் ஆச்சரியம், கிணற்றுக்குள் குதிக்கிறவரைக்கும்தான் கிணறு ஆழம். நோட்டு மேஜைக்குப் போனது. கோட்டாட்சியர் அந்த ஓரத்தை நகத்தால் சுரண்டாத குறையாகப் பார்த்தார். "ஒழிச்சுப்போடறதுன்னா என்னங்க?" என்றார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். அவருக்கும் தெரியவில்லை! இவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரியாததை அவர் தெரியாது என்று கேட்டார், அவர் உதடு கொஞ்சமும் கூசவில்லை. யாரும் பதில் சொல்வதற்குள் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டைப்பிஸ்ட் சண்முகவடிவு அக்கா தலையைத் தூக்காமலே, "பொங்கலுக்கு வீடு ஒழிச்சுப்போடுததுதான சார். சாமானெல்லாம் வெளிய எடுத்துப்போட்டு வெள்ளையடிப்போமே. எங்க வீட்டுல மூணு நாளாச்சு, அதுக்குத்தான அன்னைக்கு நான் லீவு கேட்டேன், நீங்கதான்..." என்று ஆரம்பித்து, எங்கே இருக்கிறோம் என்று உறைத்து, விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சோமநாதன் எழுந்தார். "ஐயா, நோட்டுல இன்னைக்குக் காலையிலகூட எழுதிக்கலாம். பண்டிகை எல்லாருக்கும்தான் வருது. படத்துல வீடு காலியா இருக்கே, அதுக்கு என்ன பதில்?" என்று படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சின்னப் பிள்ளைதானே, பயப்படும் என்றுதான் நீட்டியிருப்பார். அவள் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள். மூன்று வாரமாகக் கட்டுக்குள் அதன் நகல் இருக்கிறது, கறுப்பு வெள்ளை நகல், மை இழுகிய நகல், இது கலர். திறந்த கதவுக்கு உள்ளே சுவர். சுவரில் மேல் பாதி பளீரென்று, கீழ்ப் பாதி புகை படிந்து. நடுவே கோணலாக ஒரு கோடு, கை எட்டியவரை இறங்கி வந்து, காப்பி குடிக்கவோ என்னவோ நிறுத்திய கோடு. வாசற்படி ஓரத்தில் ஒரு வாளி, அதன் மேல் குறுக்கே சுண்ணாம்பு அடிக்கிற மட்டை. அப்போது கேட்டாள். யோசித்துக் கேட்கவில்லை, உதட்டைக் குவிப்பதா விரிப்பதா என்று பார்க்கவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. "சார், இதுல பாதிச் சுவருக்கு வெள்ளையடிச்சிருக்கு. சுண்ணாம்பு வாளி இங்கயே இருக்கு பாருங்க. காலி பண்ணிட்டுப் போறவங்க வூட்டுக்கு வெள்ளையடிச்சிட்டா சார் போவாங்க?"

ஒன்று ஐம்பது. கேட்டு முடித்ததும் உள்ளே நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தங்கப்பாண்டிதான் முதலில் சிரித்தார், வூட்டுக்காம், என்று. சிரித்த அதே கையோடு அவருடைய வக்கீல் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டைக்குள் போனது. கோட்டாட்சியர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், பிறகு சிரித்தார். சோமநாதனும்கூட, உட்காரும்போது, படத்தை எடுத்துக் கொடுத்தது நான்தானே என்கிற மாதிரி உள்ளங்கையை ஒரு தடவை விரித்து மூடினார். இதை ஜெபாவுக்கு எப்படிச் சொல்வது. காலையிலிருந்து ஆறு செய்தி அனுப்பியிருக்கிறான், என்னாச்சு மாதேசு, என்னாச்சு. வூட்டுக்குன்னு சொன்னேன்டா, உதட்ட நல்லாக் குவிச்சி. ஆனால் மேடம். வெளியே வந்ததும் மேடம் மரத்தடியில் நின்று இரண்டு போன் பேசினார். பிறகு வந்து, "கேட்டேன்னு சொன்னியே" என்றார். "இல்ல மேடம். கேக்கல." "டைரியில எழுது. இன்னைக்குத் தேதி போட்டு, ரெண்டையும். சொன்னதையும், சொல்லாததையும். நானும் அந்த வரியப் பாத்தும் விட்டுட்டேன்னு எழுது, மறந்துறாத." அவ்வளவுதான், வேறு கேஸுக்காகப் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்விட்டார், ஆர்டருக்கு வந்துவிடுவதாகச் சொல்லி. மையத்து டைரிக்கு மார்க் உண்டு. எழுதினால் குறையும். எழுதுவாள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதே புதுசாக இருந்தது, காலையில் செருப்பு மாட்டிய அதே கால்தானா இது. ஊரில் அம்மாவும் பொங்கலுக்கு இதே வேலையைத்தானே செய்வாள், பெட்டி படுக்கை எல்லாம் வாரி வாசலில் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. பிள்ளைகளை எல்லாம் உள்ளே வராதே என்று விரட்டிக்கொண்டு. எல்லாம் தெரிந்த விஷயம். வார்த்தை ஒன்றுதான் வேறு. அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவே வாளியோடு நின்றிருக்கிறாள், இவள் வெட்கப்பட்டுக்கொண்டு கதவைத் தட்டாமல் வந்துவிட்டாள்.

இரண்டு ஐந்துக்குத் திரை விலகியது. டவாலி பெயர் கூப்பிட்டார், மனுதாரர் தங்கப்பாண்டி, எதிர்மனுதாரர் ராசக்கனி. தன் வீட்டில் தானே குடியிருந்ததற்கு எதிர்மனுதாரர். மேடம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டார், மூச்சு வாங்க. உள்ளே மோர் வாசனையும் பெருங்காய வாசனையும் லேசாக. அவர் மனசு மாறியிருக்குமோ. நோட்டுல காலையிலகூட எழுதிக்கலாம் என்று சோமநாதன் சொன்னது தங்கியிருக்குமோ. கோட்டாட்சியர் யாரையும் பார்க்கவில்லை. டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். எதிர்மனுதாரர் பொங்கல் பண்டிகையை முன்னிட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பொருட்டுப் பொருள்களை வெளியே எடுத்து வைத்ததை, இப்பகுதிப் பேச்சு வழக்கில், மேற்கோள் போடுங்க, ஒழிச்சுப்போட்டேன், மேற்கோள் முடிக்கவும், என்று கூறியுள்ளார். "எந்த ளி சார்?" என்றாள் சண்முகவடிவு அக்கா. கோட்டாட்சியர் மாதேஸ்வரியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். "வாழைப்பழத்து ழ சார்" என்றாள், ஜன்னல் கம்பிவரை கேட்டது. அச்சொல்லை விளக்க மனுவைத் தயாரித்தவர் 'காலி செய்துவிட்டேன்' எனப் பிழையாக எழுதியுள்ளது அவரது ஒப்புதலாலும் குறிப்பேட்டாலும் மனுதாரரே தாக்கல் செய்த புகைப்படத்தாலும் விளங்குகிறது. பிழையாக. அரசாங்கக் காகிதத்தில் அவளைப் பற்றி விழுகிற முதல் வார்த்தை அதுதான், முத்திரையோடு, காலத்துக்கும். காது சூடானது. விடு, விழட்டும், அது விழுந்த இடத்தில்தானே அந்தம்மாவின் சுவர் நிற்கப் போகிறது. எதிர்மனுதாரர் மேற்படி மனையில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார். பட்டாவை ரத்துச் செய்யக் கோரிய மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

ராசக்கனியம்மாவுக்கு அதுவும் மந்திரமாகத்தான் கேட்டிருக்கும், வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றாள். மாதேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். இனி ஒருபோதும் அந்தத் தலையாட்டலை நம்புவதில்லை. "அம்மா, புரிஞ்சுதா?" "தள்ளுபடின்னாவளே." அவள் முகம் வெளிறியிருந்தது. "தள்ளிட்டாவளா, என்னையா?" "உங்கள இல்லம்மா. அவரு கொடுத்த மனுவ. வூடு உங்களுது. யாரும் தொட முடியாது." அந்தம்மா காதில் செருகியிருந்த சீட்டை எடுத்தாள், பிரித்தாள், நீவினாள், ஏனோ அதைக் கோட்டாட்சியர் மேஜையில் பத்திரமாக வைத்தாள், கும்பிட்டாள். நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் படியெல்லாம் சுண்ணாம்பு பூசினது போல அடித்துக்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி கார் கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. மேடம் அவளைக் கடந்து போகும்போது, "அடுத்த புதன்கிழமை நீ கேள்வி கேளு, ஜெபக்குமார் எழுதட்டும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். மாதேஸ்வரி படியிலேயே உட்கார்ந்து நகலை இன்னொரு தடவை வாசித்தாள், மேற்கோள் குறிக்குள் அந்த வார்த்தை, இரண்டு பக்கமும் கதவு வைத்த அறை மாதிரி. ராசக்கனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த வருசம் மேல எட்டி அடிக்க எனக்கு ஆளு வேணும். போன தடவை பாதியில கையி ஓஞ்சு போச்சு. நீ ஒசரமாத்தான இருக்க, பொங்கலுக்கு முந்தி ஒரு நாளு வந்துரு."

"எங்கம்மா?"

"எங்கயா." ராசக்கனியம்மா உதட்டை நன்றாகக் குவித்துக்கொண்டாள். "வூட்டுக்கு."